நூற்று எண்பத்து மூன்றாவது தாள்

இருபத்தேழாயிரத்து நானூற்று ஐம்பது. சின்னவள் பெரியவளுக்குத் தர வேண்டிய கடன் அது. பதினோரு வருஷத்துக் கடன். அதில் இன்று காலை மீதியிருந்தது வெறும் நூற்றைம்பது.

வாராவாரம் இந்தக் கதையோடு கூட வருகிறவர்களுக்குக் கடனின் ஆதி அந்தம் தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம்.

சின்னவள் ஆசிரியர் பயிற்சியில் கடைசி வருஷக் கட்டணம் கட்ட வழியில்லாமல் நின்றாள். அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த பெரியவள், ஓவர்டைம் செய்து சேர்த்ததை எல்லாம் வழித்தெடுத்துக் கொடுத்தாள். வேலைக்குப் போனதும் திருப்பித் தருவதாகச் சின்னவள் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சீட்டை வாசிக்கக்கூட அப்போது பெரியவளுக்குத் தெரியாது. மூன்று வருஷம் கழித்து, முப்பத்தெட்டு வயதில்தான் மாலை வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டப் பழகினாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். துணிக்கிடங்குக்கு ஓர் எழுத்தர் தேவை. உள்ளே வேலை செய்கிற யாரும் தேர்வு எழுதலாம். நாற்பது கேள்வி, எல்லாமே ஆபீஸில் புழங்கும் இங்கிலீஷ் சொற்கள். இருபத்து நாலு சரியாக இருந்தால் தேர்ச்சி. தேறியவர்களில் யார் மூத்த ஊழியரோ அவருக்கு வேலை. நாற்பத்தேழு வயது முடிந்தவர்கள் எழுத முடியாது.

பெரியவளுக்கு அடுத்த மாதம் நாற்பத்தேழு முடிகிறது.

அதே வாரத்தில் சின்னவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். புருஷனின் கடை நொடித்துவிட்டது, கடனை இப்போது கேட்டுவிடாதே அக்கா என்றாள். “பணம் வேணாம்டி, பாடம் குடு” என்றாள் பெரியவள். சின்னவள் ஒரு டியூஷன் சென்டரில் போட்டித் தேர்வுகளுக்கு இங்கிலீஷ் நடத்துகிறவள். நாளுக்கு ஒரு தாள், தாளுக்கு இருபது கேள்வி, எழுதிக் கொடுத்துத் திருத்தியும் கொடுத்தால் நூற்றைம்பது கழியும். மொத்தம் நூற்று எண்பத்து மூன்று தாள்.

நாளைக்குத் தேர்வு. இன்று கடைசித் தாள்.

“குமாஸ்தாம்மா, தபால்!”

பெரியவளின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போகும் வழியில்தான் சின்னவள் வீடு. அவருடைய ஸ்கூட்டர் பெட்டியில்தான் ஆறு மாதமாகத் தாள்கள் போய் வந்தன. நேற்று வாங்கி வந்த கடைசித் தாளை அவள் கையில் வைத்துவிட்டு, ஷூ மாட்டிக்கொண்டே பரீட்சை வைத்தார்.

“கமென்ஸ்னா?”

“ஆரம்பிக்கிறது.”

“ரெசைடு?”

“குடியிருக்கிறது.”

“டெர்மினேட்?”

“போன மாசம் உங்க கம்பெனியில ரெண்டு பேருக்குப் பண்ணாங்களே, அது.”

மெக்கானிக்கின் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. “நல்ல நாளும் அதுவுமா நல்ல உதாரணம் புடிச்ச. இதுல பதினாறுக்குக் கொறைஞ்சா ராத்திரி கதவு தொறக்க மாட்டேன்.”

“நாலு மாசமா பதினாறுக்குக் கீழ எப்ப வாங்கினேன்? தெறந்துதான் ஆகணும்.”

அந்தப் பெருமையோடுதான் வீட்டைவிட்டு இறங்கினாள்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் நிலவறையில் இருந்தது. ஒரு பக்கம் துவைக்கும் பீப்பாய் இயந்திரங்கள். நடுவில் பெரியவள் நிற்கும் சூட்டு உருளை. ஈரப் படுக்கை விரிப்பை இருவர் இரண்டு மூலையிலும் பிடித்து உள்ளே கொடுத்தால், மறுபக்கம் காய்ந்து தகடாக வரும். விரல் ஒரு கணம் ஏமாந்தால் தோலும் அப்படித்தான் வரும். பெரியவளின் வலது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அதற்கு அத்தாட்சி உண்டு. இரண்டு வருஷமாக இருமலும் சேர்ந்துகொண்டது. நெஞ்சுக்கு இந்த ஆவி ஆகாது, வேறு வேலை பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். வேறு வேலை என்ன, கொடியிலா காய்கிறது, போய் எடுத்துவர?

துணிக்கிடங்கு மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கே ஜன்னல் உண்டு. நாற்காலி உண்டு.

காகிதத்தை இங்கே கொண்டுவந்தால் அரை மணியில் நமுத்துவிடும். அதனால் கழித்துப்போட்ட கிழிந்த விரிப்புகளை நாடாவாகக் கிழித்து, துணிக்கு எண் போடும் அழியாத மையால் சொல்லும் பொருளும் எழுதி, உருளைக்கு மேலே போகும் குழாயில் தொங்கவிட்டிருந்தாள். திருத்தி வந்த தாளில் டிக் விழுந்த விடையெல்லாம் அடுத்த நாள் நாடாவில் ஏறிவிடும். விரிப்பை உள்ளே தள்ளும்போது ஒரு சொல், அடுத்த விரிப்புக்கு அடுத்த சொல். நாளுக்கு அறுநூறு விரிப்பு. மந்திரித்துக் கட்டியது போல அவள் தலைக்கு மேலே நாடாக்கள் ஆடின.

பதினோரு மணி இடைவேளையில் மடிப்புக்காரி வந்தாள். துணி மடிக்கும் பிரிவில் இருப்பவள், முப்பது வயது, அவளும் நாளைக்குத் தேர்வு எழுதுகிறாள். பயிற்சிக்கென்று மூன்று நாள் முன்னால் பெரியவளிடமிருந்து திருத்திய தாள்களை எல்லாம் கட்டாக வாங்கிப் போயிருந்தாள்.

“அக்கா, உங்க தங்கச்சி எந்த சென்டர்ல சொல்லித் தர்றாங்க?”

“ஏன், சேரப்போறியா?”

“சேராம இருக்கத்தான் கேக்கறேன்.”

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். மடிப்புக்காரி வாய்த்துடுக்கானவள்தான். ஆனால் இப்போது முகத்தில் விளையாட்டு இல்லை.

“கோவிச்சுக்காதீங்க. இந்த நூத்தம்பதாவது தாளப் பாருங்க. டிக்லைன் அப்படின்ற சொல்லுக்கு அதே பொருள் தர்ற சொல் எதுன்னு கேட்டிருக்காங்க. நீங்க அக்செப்ட்னு வட்டம் போட்டிருக்கீங்க. அதுக்கு ஒரு டிக்.”

“அதனால?”

“போன் அகராதியில பாத்தேன். அக்செப்ட்னா சரின்னு ஏத்துக்கறது. டிக்லைன்னா மாட்டேன்னு சொல்றது. ஒண்ணு கிழக்குன்னா இன்னொண்ணு மேற்கு.”

“அவ டீச்சர். உன் போனுக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியாதா?”

“அதான்க்கா எனக்கும் பயமா இருக்கு.”

பெரியவள் தாள்கட்டையும் போனையும் கேட்டு வாங்கினாள். அழுக்குத்துணி வண்டிகளுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, சூட்டில் காய்த்துப்போன ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாக அகராதியில் தட்டினாள். விரல் தடித்தது, எழுத்து சின்னது. தப்பித் தப்பி விழுந்தது.

நூற்றைம்பதாவது தாள். மேலே சிவப்பில் பதினெட்டு என்று போட்டு வட்டம் கட்டியிருந்தது. உண்மையில் சரியானவை ஒன்பது.

நூற்று இருபதாவது தாள். போட்டிருந்தது பதினாறு. சரியானவை எட்டு.

தொண்ணூறாவது. பதினேழு. பத்து.

அப்படியே பின்னோக்கிப் போனாள். அறுபத்திரண்டாவது தாள்வரை வந்ததும் கை நின்றது. அதில் ஒவ்வொரு தப்பின் தலையிலும் சரியான சொல் சிவப்பில், சின்னவளின் குண்டு எழுத்தில் இருந்தது. மார்க் ஆறு. அறுபத்து மூன்றாவது தாளிலிருந்து எழுத்தே கிடையாது, வெறும் டிக். “இப்பல்லாம் நான் சிவப்பு மைக்கு வேலையே வைக்கறதில்ல” என்று புருஷனிடம் பீற்றிக்கொண்டது அவளுக்கு நினைவு வந்தது.

ஆறு மார்க் வாங்கிய அந்த நாளும் நினைவு வந்தது. இது நமக்கு ஆகாது, விட்டுவிடுகிறேன் என்று மெக்கானிக்கிடம் அழுதிருந்தாள். அவர் போய்ச் சின்னவளிடம் சொல்லியிருப்பார். சின்னவளுக்கு மனசு பொறுக்கவில்லை. அக்கா சோர்ந்துவிடக் கூடாதென்று தப்புக்கும் டிக் போட்டுவிட்டாள். இரக்கம். வேறென்ன இருக்க முடியும்?

அப்படி நினைத்ததும் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. தலைக்கு மேலே நாடாக்களைப் பார்த்ததும் மறுபடி பற்றிக்கொண்டது. தெரியாத சொல் என்றால் புதிதாகப் படித்துக்கொள்ளலாம். நாலு மாதம் அறுநூறு அறுநூறு தடவையாகத் தப்பாகவே ஊறிப்போன சொல்லை என்ன செய்வது? ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர், எண்ணெய்க் கறைக்குச் சோடா என்று இருபத்து மூன்று வருஷமாகக் கறை எடுக்கிறவள். இந்தக் கறைக்கு அவளிடம் மருந்தில்லை.

குழாயிலிருந்து நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கழிவுத் தொட்டியில் போட்டாள்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் வாசலில் நின்று மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, சின்னவ தாள் திருத்தறத நீங்க பாத்திருக்கீங்களா?”

“நாலஞ்சு தடவ பாத்திருக்கேனே. ஹாரன் அடிப்பேன், வாசல்லயே நின்னு போட்டுக் குடுத்துடுவா. ஒரு நிமிஷம்கூட ஆகாது. கண்ணு தாள் பக்கம் போகவே போகாது, கை மட்டும் டிக் டிக்குன்னு ஓடும். என்ன ஒரு கெட்டிக்காரின்னு நானே அசந்துபோயிருக்கேன். நான் மோட்டார் சத்தத்தை வச்சே எந்த பேரிங் போச்சுன்னு சொல்றேன்ல, அந்த மாதிரி.”

பெரியவள் பையில் இருந்த தாள்கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“என்ன ஆச்சு? ஏய், என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிடுங்க” என்று போனை வைத்தாள்.

டியூஷன் சென்டர் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, முதல் மாடியில். குறுகல் படிக்கட்டு. நீள பெஞ்சுகள், மேலே கட்டிக் கட்டியாகப் பெயர்ந்த சுண்ணாம்பு. மதிய வகுப்பு முடிந்து, நாலு மணி வகுப்புக்கு இன்னும் அரைமணி இருந்தது. சின்னவள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் சாக்கட்டித் தூள்.

“அக்கா! நீ என்ன இங்க? ஹால் டிக்கெட் எடுத்து வச்சிட்டியா? பேனா ரெண்டா வச்சுக்க.”

பெரியவள் தாள்கட்டை மேஜையில் வைத்து, நூற்றைம்பதாவது தாளை உருவி நீட்டினாள்.

“இதத் திருத்து.”

“திருத்தினதுதானேக்கா?”

“மறுபடி திருத்து.”

சின்னவள் சிரித்துக்கொண்டே தாளை எடுத்தாள். முதல் கேள்வி, இரண்டாவது. மூன்றாவதுக்கு வந்தபோது சிரிப்பைக் காணோம். ஐந்தாவது கேள்விக்கு மேல் பேனா நகரவில்லை.

“என்னப் பாத்து இரக்கப்பட்டியா?” என்று கேட்டாள் பெரியவள். “நான் அழுதேன்னு மாமா சொன்னாரா? ஆமான்னு சொல்லு. நான் பாட்டுக்குப் போயிடறேன்.”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லை அக்காவே எடுத்துக் கையிலும் கொடுத்துவிட்டாள். சின்னவள் பேனாவை மூடி வைத்தாள்.

“இல்லக்கா. நான் படிச்சே பாக்கல.”

கீழே மெத்தைக் கடையில் யாரோ பஞ்சைத் தட்டும் சத்தம் கேட்டது.

“அவர் கடை மூடினதுலேருந்து மூணு பேட்ச் எடுக்கறேன். வீட்டுக்குப் போனா அவர் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கார். காலைல எழுந்தா அடுப்பு மேடையில உன் தாள். வெளிய மாமா ஹாரன். எடுத்துப் போட்டுக் குடுத்துடுவேன். ஒரு நாள் பதினாறு, ஒரு நாள் பதினெட்டு, நடுவுல பதினேழு. ஒரே மாதிரி இருந்தா உனக்குச் சந்தேகம் வந்துடும்னு மாத்தி மாத்திப் போட்டேன்.”

“அதுக்கு மட்டும் யோசிக்க நேரம் இருந்துது.”

சின்னவள் தலை குனிந்தாள்.

“நாலு மாசம்டி. அந்த ஆவிக்குள்ள நின்னுக்கிட்டு, இருமலுக்கு நடுவுல, நீ டிக் போட்டத எல்லாம் வேதவாக்கா உருப்போட்டேன். பாம்புன்னு தெரியாம கயிறுன்னு நெனச்சுக் கையில சுத்திக்கிட்டேன்.”

“நீ மட்டும் என்னவாம்?” சின்னவளின் குரல் திடீரென்று உயர்ந்தது. “ஒவ்வொரு தாள் மூலையிலயும் மீதி எவ்வளவுன்னு எழுதி அனுப்பினியே. இங்கிலீஷ்ல, எழுத்தால. பதினாலாயிரத்து இருநூத்தம்பது மட்டும். பதினாலாயிரத்து நூறு மட்டும். தாளப் பிரிச்சா மொதல்ல அதுதான் கண்ணுல குத்தும். அக்கா பரீட்சைக்குப் படிக்கறான்னு எனக்கு எப்படித் தோணும்? கடன்காரி வாசல்ல வந்து நிக்கறான்னுதான் தோணும். யார் கடன ஆசை ஆசையாக் கட்டியிருக்காங்க?”

பெரியவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“அது எழுதிப் பழகினதுடி” என்றாள் மெதுவாக. “தொகைய எழுத்தால எப்படி எழுதறதுன்னு ரெண்டாவது தாள்ல நீதான் கேட்ட. கிடங்குல பில்லுக்கு அப்படித்தான் எழுதணும்னு சொன்ன. தெனம் ஒரு தொகை எனக்கு எங்க கெடைக்கும்? அத வச்சு எழுதிப் பழகினேன்.”

சின்னவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

பெரியவள் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து கடைசித் தாளை எடுத்து நீவி வைத்தாள். இன்னும் ஒரு கேள்வியும் எழுதியிருக்கவில்லை. எழுத ஆரம்பித்தாள்.

கோடிட்ட இடம் ஐந்து. சாதாரணச் சொல்லை எடுத்துவிட்டு ஆபீஸ் சொல் போடுவது ஐந்து. எதிர்ச்சொல் ஐந்து. பொருத்துவது ஐந்து. ஒவ்வொரு சொல்லுக்கும் மனசுக்குள் ஒரு நாடா வந்து ஆடியது. இது அறுபத்திரண்டுக்கு முந்தியதா, பிந்தியதா என்று முதலில் கேட்டுக்கொண்டாள். பிந்தியது என்றால் எழுதும் முன் இன்னொரு தரம் படித்தாள். இரண்டு இடத்தில் தான் நம்பியிருந்ததை விட்டுவிட்டு வேறொன்றை எழுதினாள். வெளியே நாலு மணி மாணவர்கள் வந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். “கொஞ்சம் நில்லுங்கப்பா” என்றாள் சின்னவள். அவள் குரலுக்கே அவர்கள் அடங்கி நின்றார்கள்.

தாளை வாங்கிச் சின்னவள் திருத்தினாள். ஒவ்வொரு கேள்வியையும் உதட்டசைத்துப் படித்தாள். தப்புக்கு மேலே சரியான சொல்லைக் குண்டு எழுத்தில் எழுதினாள். எழுதி முடித்தும் மார்க் போடாமல் மறுபடி ஒருதரம் எண்ணினாள்.

“எவ்வளவு?”

“பதினொண்ணு.”

“நெசமாவா?”

“நெசமாக்கா. நாப்பதுக்கு இருபத்துநாலுன்னா இருபதுக்குப் பன்னெண்டு வேணும். ஒண்ணுதான் கொறையுது. வகுப்ப ரத்துப் பண்ணிடறேன். இப்பவே உக்காரலாம், தப்பா ஏறினத எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துடலாம்.”

“நூத்திருபது தாள ஒரு சாயந்தரத்துலயா?”

பெரியவள் பையின் உள்ளறையிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்தாள். மடிப்பு மடிப்பாக நைந்திருந்தது. பின்புறம் முழுவதும் நூற்றைம்பது நூற்றைம்பதாகக் கழித்த கணக்கு. அதைக் கண்டதும் சின்னவள் முந்திக்கொண்டாள்.

“நான் ஒழுங்காத் திருத்தினது இன்னிக்கோட சேத்து அறுபத்து மூணு. அத மட்டும் கழிச்சுக்க. மீதி பதினெட்டாயிரம். மாசம் ஆயிரமாக் குடுத்துடறேன். நாலாவது பேட்ச்சும் எடுக்கறேன். சத்தியமாக் குடுத்துடறேன்க்கா.”

மேஜையில் கிடந்த சிவப்புப் பேனாவைப் பெரியவள் எடுத்தாள். சீட்டின் குறுக்கே, தமிழில், ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி எழுதினாள்: பாக்கி இல்லை. கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். இன்றைய தேதியையும் போட்டு, சின்னவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“இப்படிப் பண்ணாத. திட்டு. ரெண்டு அறை அறை. கடன் அப்படியே இருக்கட்டும்க்கா, மெதுவாக் கட்டறேன்.”

“வேணாம். கணக்குன்னு ஒண்ணு இருந்தாத்தானே கள்ளக்கணக்கு எழுதத் தோணும்.”

கடைசித் தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதில் ஒன்பது சொற்கள் சிவப்பில் இருந்தன. மற்ற தாள்கட்டு மேஜையிலேயே கிடந்தது. கதவைத் திறந்ததும் மாணவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். படிக்கட்டில் இரண்டு படி இறங்கியபோது இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சின்னவள் ஓடிவந்து மேல்படியில் நின்றாள். கையில் இன்னும் அந்தச் சீட்டு.

“நாளைக்குப் போவியா?”

“போவேன். போகாம?”

“நான் வரட்டுமா? உள்ள வரல. ஹால் வாசல் வரைக்கும்.”

இருமல் அடங்கும்வரை பெரியவள் காத்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“எதுக்கு? உனக்குத்தான் பாக்கி ஒண்ணும் இல்லையே.”